புள்ளியை விழுங்கிய கீபோர்டு

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர், திருவண்ணாமலை போளூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பல் ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டிக் காட்டினார். டாக்டர் கோதண்டராமன் வாயைத் திறக்கச் சொன்னார். "வலி முட்டியிலங்க. வாய எதுக்குத் தொறக்கணும்?" என்று பெரியவர் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு இடுப்பு வலியும் இரண்டு ஒற்றைத் தலைவலியும் டோக்கன் வாங்கிக் காத்திருந்தன. சாயங்காலம்தான் டாக்டருக்கு விஷயம் விளங்கியது. ஊர் முழுக்க விநியோகித்த நோட்டீஸில் "பல் வலியா? கவலை வேண்டாம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பல வலியா? கவலை வேண்டாம்" என்று இருந்தது. அதற்குக் கீழே "பல ஆட்டம், பல கூச்சம் அனைத்துக்கும் நவீன சிகிச்சை."

ப்ரூஃபில் டாக்டரே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் கையெழுத்துப் போடுகிற ஜாதி எதையும் படிப்பதில்லை. பழி எப்போதும் டைப் அடித்தவர் தலையில்தான் விடியும்.

டைப் அடித்தவள் மணிமொழி. 2003இல் அவளுக்கு முப்பது வயது. அடி அண்ணாமலையில் வீடு. கணவன் சடையனுக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லை, பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் மோர்க் கடை. மணிமொழிக்குத் தெரிந்த தொழில் டைப்பிங் ஒன்றுதான். எண்பத்தொன்பதில் பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, தமிழ் லோயர், தமிழ் ஹையர் இரண்டிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாள். பிறகு வக்கீல்களிடம் பத்து வருஷம். டைப்ரைட்டர்களை ஓரம் கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வந்தபோது, அவள் அழவும் இல்லை, பெருமூச்சு விடவும் இல்லை. தப்பு அடித்தால் வெள்ளை மை பூச வேண்டாம் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். அவள் விரல்கள் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை சிலருக்குச் சாமி மேல்கூட இருக்காது.

அவள் வேலை பார்த்தது கலையரசனின் பிரவுசிங் சென்டரில். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தான். இருபத்தாறு வயசுப் பையன், இன்ஜினியரிங் படித்தவன், நல்லவன்தான். ஆனால் டாக்டர் கடை நடுவே நின்று கத்திவிட்டுப் போன பிறகு எந்த நல்லவனுக்கும் முகம் சுருங்கத்தானே செய்யும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் ஒரு பயோடேட்டால பல்கலைக்கழகத்துல புள்ளி இல்ல. இப்ப இது. உங்களுக்குக் கவனம் கம்மியாயிடுச்சி."

"நான் அடிச்சேன் தம்பி. புள்ளி அடிச்ச ஞாபகம் விரல்ல இருக்குது."

"விரல்ல இருந்து என்னாக்கா, பேப்பர்ல இல்லியே. பழைய டைப்ரைட்டர் பழக்கமாத்தான் இருக்கும். இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா தமிழ் டைப்பிங்க வெளியில குடுத்துடுவேன். நீங்க பில் போட்டுக்கிட்டு கவுன்ட்டர்ல உக்காருங்க."

பில் போடுவது. தமிழ் ஹையர் ஃபர்ஸ்ட் கிளாஸ் பில் போட வேண்டும். மணிமொழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று உள்ளே புகுந்துகொண்டது. ஒருவேளை அவன் சொல்வது நிஜமாக இருந்தால்? முப்பது வயதிலேயே விரல் மறக்க ஆரம்பித்துவிட்டதா?

பழைய பழக்கம் என்று அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. டைப்ரைட்டரில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். அடித்தால் உருளை நகராது. அதே இடத்தில் எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் உட்காரும். கம்ப்யூட்டரில் அப்படியே தலைகீழ்: முதலில் எழுத்து, பிறகு புள்ளி. மாற்றிக்கொள்ள அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. விரல் மறந்துபோய்ப் பழைய வழிக்குத் திரும்பியிருக்குமோ?

மணிமொழி அழுகிற ரகமில்லை, நோண்டுகிற ரகம். நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு முறைத்தாள். பழைய வழியில் அடித்திருந்தால் புள்ளி முன்னால் இருக்கிற எழுத்தின் மேல் போய் ஏறியிருக்கும். "ப்ல" என்று வந்திருக்கும். இங்கே புள்ளி இடம் மாறவில்லை, ஆளே காணோம். அப்படியானால் பழக்கம் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே நோட்டீஸில் "கல்லூரி" சரியாக இருந்தது. "வேண்டாம்" சரி. "நாள்" சரி. "பல்" மட்டும் ஏழு இடத்தில் வந்து ஐந்து இடத்தில் புள்ளி போயிருந்தது. கவனக்குறைவு என்றால் எல்லா வார்த்தையிலும் அல்லவா வர வேண்டும்? அது ஏன் பல்லை மட்டும் பிடித்துக் கடிக்கிறது?

கலையரசனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவன் கண் முன்னாலேயே "பல்" என்று இருபது தடவை அடித்தாள். இருபதும் சுத்தம். "பாத்தீங்களா, கவனமா அடிச்சா வருது" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். அவளுக்கு அந்தக் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் சரோஜா. எம்.ஃபில். மாணவி. நூற்றுநாற்பது பக்கம் கையெழுத்துப் பிரதி. தலைப்பு: "பல்லவர் காலக் குடைவரைகள்". பக்கத்துக்குப் பத்துப் பல்லவர். முதல் பக்கத்திலேயே பல்கலைக்கழகம். கலையரசன் அதை வாங்கிப் புரட்டிவிட்டு மணிமொழியைப் பார்த்தான்.

"வேலூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு டி.டி.பி. சென்டர் இருக்குதுக்கா..."

"ஒரு வாரம் குடு. ஒரு வாரத்துல இது என் விரலா வேற எதுவானு கண்டுபுடிச்சிச் சொல்றேன். என் விரலுன்னா நானே போயி கவுன்ட்டர்ல உக்காந்துக்கறேன்."

அவன் தலையாட்டினான்.

மணிமொழி உட்காரும் மூன்றாம் நம்பர் சீட்டுக்கு இன்னொரு பங்காளி உண்டு. அறிவுச்செல்வன். நாற்பது வயதைத் தாண்டியவர், வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிற உத்தியோகம். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவர் வந்து அந்த சீட்டில் உட்காருவார். ஒரு மணி நேரம் துப்பாக்கி விளையாட்டு. மீட்டர் எண்களையே பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அது ஒரு மாற்று என்பார். விளையாட்டில் அவர் சாகாத நாள் இல்லை. செத்ததும் கீபோர்டைத் திட்டுவார். ஆட்டம் தெரியாதவர் மேசையைக் குறை சொல்கிறார் என்று சென்டர் முழுக்கச் சிரிக்கும். மணிமொழியும் சிரித்திருக்கிறாள்.

அன்றும் செத்தார்.

"பாரும்மா, நீயே பாரு. முன்னாடி ஓடறேன், வலது பக்கம் திரும்பறேன், சுடறேன். சுட மாட்டேங்குது! ஓடாம நின்னா சுடுது. ரெண்ட அமுக்கிக்கிட்டு மூணாவத அமுக்குனா இந்தச் சனியன் கேக்கவே மாட்டேங்குது."

மணிமொழி கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் சொல்லுங்க சார்."

"என்னா சொல்றது? மூணாவது கீ வேலைக்கு ஆவல."

ப, ல, புள்ளி. மூன்று கீ. ப இடது ஆள்காட்டி விரல், ல வலது ஆள்காட்டி விரல், புள்ளி வலது சுண்டுவிரல். மூன்றும் வேறு வேறு விரல். வேகமாக அடிக்கும்போது முதல் விரல் எழும் முன்னே மூன்றாவது விரல் இறங்கிவிடும். கலையரசன் பார்க்கும்போது அவள் நிதானமாக அடித்தாள், ஒவ்வொன்றாக விட்டு விட்டு. அதனால்தான் வந்தது!

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்தாள். ப-வை அழுத்திப் பிடித்தாள். ல-வை அழுத்திப் பிடித்தாள். சுண்டுவிரலால் புள்ளியைக் குத்தினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி குத்தினாள். வரவில்லை. ப-வை விட்டுவிட்டு க-வைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். வந்தது. அவள் போட்ட கூச்சலில் ஐந்தாம் நம்பரில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாமா திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

"சார், நீங்க சொன்னது நெசம் சார்! மன்னிச்சிடுங்க சார்!" என்றாள். எதற்கு மன்னிப்பு என்று அறிவுச்செல்வனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தர் தன் பக்கம் பேசியதில் அவருக்குக் கண் கலங்காத குறைதான்.

அதோடு விட்டாளா? ஏன் என்று தெரிந்தாக வேண்டும். கலையரசனிடம் அதே மாடலில் ஒரு பழுதான கீபோர்டை வாங்கி ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளே வரிசையாக ரப்பர் குமிழ்கள், அவற்றுக்கு அடியில் கண்ணாடி மாதிரி இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். தாள்களில் வெள்ளிக் கோடுகள். மேல் தாளில் நெடுக்கே, கீழ்த் தாளில் குறுக்கே. ஒவ்வொரு கீயும் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் சந்திக்கிற இடம். பென்சிலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனாள். ப-வும் ல-வும் ஒரே நெடுக்குக் கோட்டில் குடியிருந்தன. ப-வும் புள்ளியும் ஒரே குறுக்குக் கோட்டில். மூன்றும் ஒரு கட்டத்தின் மூன்று மூலைகள். சேர்த்து அமுக்கினால், நாலாவது மூலையில் இருக்கிற எழுத்தும் அமுங்கிவிட்டதா இல்லையா என்று கீபோர்டுக்குத் தெரியாது. நமக்கெதற்கு வம்பு என்று கடைசியாக வந்ததை அது விழுங்கிவிடுகிறது. க வேறு நெடுக்குக் கோட்டில் இருந்தது, அதனால் கல்லூரி தப்பித்தது, பல் மாட்டியது.

கலையரசன் தானும் பென்சிலை வாங்கி அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தான். இன்ஜினியரிங்கில் இதை அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசியில், "சரிக்கா, வேற கீபோர்டு வாங்கிடலாம். உங்களுக்கும் அறிவுச்செல்வன் சாருக்கும் ஒத்து வர்றதா நீங்களே பாத்து எடுங்க" என்றான்.

செங்கம் ரோட்டில் இராமலிங்கம் பழைய கம்ப்யூட்டர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சென்னை ஆபீஸ்களில் கழித்துப் போட்டதையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். அவர் கடைத் தரையில் கீபோர்டுகள், கொல்லையிலிருந்து பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகள் போல ஒயரோடு குவிந்து கிடந்தன. மணிமொழி போய்ச் சேர்ந்தபோது அறிவுச்செல்வன் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார், சட்டைப் பையில் விளையாட்டு ஃப்ளாப்பியோடு.

இராமலிங்கம் முதலில் எடுத்துக் காட்டியது புதுசு. கறுப்பு, ஓரமெல்லாம் பாட்டுக் கேட்கும் பட்டன்கள். "இது ஜாஸ்தி ஓடுது. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க." மணிமொழி அதைச் சோதனை மெஷினில் மாட்டச் சொல்லி மூன்று கீகளையும் அழுத்தினாள். பாட்டு பட்டன் பாடியது, புள்ளியை மட்டும் காணோம். "இதுவும் முழுங்குது" என்று ஒதுக்கினாள். இராமலிங்கத்துக்கு இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்றே விளங்கவில்லை. கீபோர்டு வாங்க வருகிறவர்கள் பெயரை அடித்துப் பார்ப்பார்கள், இவள் மூன்று விரலால் வைத்தியர் நாடி பார்ப்பது போல் பார்க்கிறாளே.

அடுத்து வந்தது ஒரு பழைய பலகை. இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. ரப்பர் கிடையாது, ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்ப்ரிங். மணிமொழி ஒரு வரி அடித்தாள். விரல் பாதி தூரம் இறங்கும்போதே "டிக்" என்று பதில் சொன்னது. அடிவரைக்கும் குத்த வேண்டியதே இல்லை. ரப்பர் கீபோர்டில் இத்தனை வருஷம் தான் சேற்றில் நடந்துகொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அறிவுச்செல்வனுக்கும் பிடித்தது. "இதையே வாங்கிடும்மா" என்றார்.

மணிமொழிக்கும் அதுதான் ஆசை. சோதிக்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் மூன்று விரலையும் வைத்தாள்.

விழுங்கியது.

"இவ்ளோ நல்ல கீபோர்டு கூடவா?" என்று அறிவுச்செல்வன் கேட்டார். ஆமாம். ஸ்ப்ரிங் போட்டவன் விரலைப் பற்றி யோசித்திருக்கிறான், கோட்டைப் பற்றி யோசிக்கவில்லை. மேலே கட்டிய வீடு என்னவோ பங்களாதான், அஸ்திவாரம் அதே பிளாஸ்டிக் தாள். மணிமொழி அதைக் கீழே வைக்கும்போது ஒருமுறை தடவிவிட்டுத்தான் வைத்தாள். மனசே இல்லை.

அதற்குப் பிறகு எட்டோ ஒன்பதோ பார்த்தார்கள். நாக்கு வறண்டுபோய் டீ சொல்லிவிட்டு, குவியலின் அடியிலிருந்து அவளே ஒன்றை உருவினாள். மஞ்சள் பாரித்த பலகை. பின் பக்கம் ஒரு ஸ்க்ரூ இல்லை. பழைய காலத்துப் பெரிய உருண்டை பிளக். அதைவிடப் பெரிய குறை: ஒரு கீக்கு மூடியே இல்லை, சின்னத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"அத விடும்மா, கழிச்சிக் கட்டுனது. சரி, எடுத்துக்கறதுன்னா கம்மி பண்ணித் தர்றேன். செமிகோலன் கீதான் இல்ல. அத யாரு அடிக்கப் போறா?"

மணிமொழி சிரித்துவிட்டாள். ஆங்கிலத்தில் அந்தக் கீ எப்போதாவது தேவைப்படுகிற அரைப்புள்ளி. தமிழில் அதுதான் புள்ளி. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அவள் சுண்டுவிரல் போய் விழுகிற இடம்.

மாட்டினார்கள். ப, ல இரண்டையும் பிடித்துக்கொண்டு அந்த மொட்டைத் தண்டைக் குத்தினாள். வந்தது. நாலு கீயைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதை அடித்தாள். வந்தது. உள்ளங்கையை அப்படியே பலகை மேல் வைத்தாள். அத்தனை எழுத்தும் வரிசையாகத் திரையில் வந்து கொட்டின. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தாள். பிளாஸ்டிக் தாளே இல்லை. ஒவ்வொரு கீக்கும் தனிப் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் கடுகுபோல ஒரு சின்னக் கண்ணாடி மணி காவலுக்கு. ஒரு கோட்டு மின்சாரம் இன்னொரு கோட்டுக்கு ஓடிவிடாமல் அது தடுக்கிறதாம், இராமலிங்கம் சொன்னார். அறிவுச்செல்வன் ஃப்ளாப்பியைப் போட்டு ஓடிக்கொண்டே திரும்பிக்கொண்டே சுட்டார். சுட்டது. கடையே அதிர ஒரு சத்தம் போட்டார்.

தொடுவதற்கு முந்தைய பலகைதான் சுகம், இது கொஞ்சம் கட்டை. டிக் சத்தமும் கிடையாது, தட தட என்று ஒரு இரைச்சல். ஆனால் அடித்ததை எல்லாம் சொல்கிறது. மணிமொழி இதை எடுத்துக்கொண்டாள். வலது மூலையில் யாரும் தொடாத ஒரு கீயின் மூடியைப் பிடுங்கி மொட்டைத் தண்டில் மாட்டச் சொன்னாள். உருண்டை பிளக்குக்கு ஒரு கன்வெர்ட்டரும் கிடைத்தது.

மூன்றாம் நம்பரில் அதை மாட்டி, சரோஜாவின் பிரதியை ஸ்டாண்டில் வைத்தபோதுதான் மணிமொழிக்கு ஒன்று உறைத்தது. இனிமேல் தப்பு வந்தால் சொல்லிக்கொள்ளச் சாக்கு கிடையாதே. அறிவுச்செல்வனுக்கு அந்த விஷயம் இரண்டாம் நாளே புரிந்தது. ஓடினார், திரும்பினார், சுட்டார், செத்தார். "சரி, ஆட்டம் எனக்கு வரலதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் திறந்தார்.

எட்டு நாளில் நூற்றுநாற்பது பக்கமும் முடிந்தது. சரோஜா இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்தாள். கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை அவள், ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்தாள். பல்லவர் ஒருத்தர்கூடத் தலையில் புள்ளி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகங்கள் எல்லாம் பத்திரம். தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அக்கா, இங்க 'கலவெட்டு'ன்னு இருக்குது."

கலையரசன் நாற்காலியோடு உருண்டு வந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "என்னாக்கா இது? புதுசும் முழுங்க ஆரம்பிச்சிடுச்சா? அந்தாளு இராமலிங்கம் நம்ம தலையில கட்டிட்டாரா?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு "ஆமா"தான். அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். பழைய சாமான், யார் என்ன கண்டார்கள்?

மணிமொழி க, ல, புள்ளி அடித்தாள். கை எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாக, முப்பது தடவை. பிறகு மூன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு. பிறகு முழு வார்த்தையை. கல்வெட்டு, கல்வெட்டு, கல்வெட்டு. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

"கீபோர்டு முழுங்கல தம்பி" என்றாள். "இது நான் விட்டது. என் விரலு."

சொல்லிவிட்டாள். பில் கவுன்ட்டர் நினைவுக்கு வந்ததுதான். ஆனாலும் நெஞ்சுக்குள் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மாதமாக அடித்த ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். நூற்றுநாற்பது பக்கத்தில் தன் தப்பு எது, எத்தனை என்று இப்போது அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷத்தில் எந்தத் தப்பையும் அவள் இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டதில்லை.

கலையரசன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். வேலூருக்கு அனுப்புவது பற்றி அவன் எதுவும் பேசவில்லை. அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

"அப்போ நீங்கதான் திருத்தணும்" என்றான்.

மணிமொழி தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தைத் திறந்து, ல-வுக்குப் பக்கத்தில் போய் நின்று, சுண்டுவிரலை ஒருதரம் இறக்கினாள்.